அளந்துவிட்ட அருவி

ஊரில் அவளுக்குச் சாரல் என்று பட்டப்பெயர். எப்போது பார்த்தாலும் எங்கேயோ நனைந்துவிட்டு வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மழை பிடித்தால் மற்றவர்கள் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுவார்கள். அவள் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். கரையைத் தாண்டும் அலை, மரத்தைச் சாய்க்கும் காற்று, மின்னல், வெள்ளம் என்று எதெல்லாம் மனிதர்களை வீட்டுக்குள் விரட்டுமோ, அதெல்லாம் அவளை வெளியே இழுக்கும்.

பிழைப்பு என்னவோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில்தான். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் அக்காவும் தங்கையுமாக ஒரு ஸ்டூடியோ நடத்தினார்கள். முன்னால் கண்ணாடி மேஜை. உள்ளே நீலத்திரை, சுழலும் ஸ்டூல், முகம் பார்க்கும் கண்ணாடி, யாரும் எடுத்துக்கொண்டு போகாதபடி நூலில் கட்டிய சீப்பு. வருகிறவர்களை உட்காரவைத்து, "தோளை இறக்குங்க, காதைக் காட்டுங்க, யார் செத்துட்டாங்கன்னு இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க" என்று அதட்டுவது அக்கா. படம் எடுப்பது சாரல்.

ஊருக்கு மேலே ஓர் அருவி இருந்தது. மின்சாரக் கம்பெனி அதற்கும் மேலே அணை கட்டி ஆற்றைக் குழாய்க்குள் திருப்பிவிட்டபிறகு, பாறையில் ஒரு கறுப்புத் தடம்தான் மிச்சம். விடுமுறை நாட்களில் மட்டும், சுற்றுலா வருகிறவர்கள் ஏமாந்து போகாமலிருக்க, மதகைக் கொஞ்ச நேரம் தூக்குவார்கள்.

அந்தக் கம்பெனியின் விளம்பர அதிகாரிதான் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, இனிமையான பேச்சு.

"எங்க விருந்தினர் மாளிகைக்கு ஒரு படம் வேணும் மேடம். சுவர் முழுக்க அருவி. அதையே காலண்டருக்கும் போட்டுக்குவோம். இந்த ஊர்ல இதுக்கெல்லாம் நீங்கதான்னு சொன்னாங்க."

"அருவியில தண்ணி இல்லையே சார்."

"அதை எங்ககிட்ட விடுங்க. என்னைக்கு வர்றீங்க, எவ்வளவு தண்ணி வேணும்னு மட்டும் சொல்லுங்க. திறந்துவிடச் சொல்றேன்."

குளியலறைக் குழாயைப் பற்றிப் பேசுவதுபோல அவர் சொன்னது சாரலுக்குச் சுருக்கென்று தைத்தது. வாயைத் திறப்பதற்குள், மேஜைக்கு அடியில் அக்கா அவள் காலை மிதித்தாள்.

"வருவா சார். கண்டிப்பா வருவா," என்றாள் அக்கா. அவர் போனதும், "பெரிய இடம்டி. உன் வீம்பை வேற எங்கயாவது வெச்சுக்கோ," என்றாள்.

சாரல் போனாள். பாறை அடிவாரத்தில், கம்பெனி பெயர் எழுதிய வளைவோடு புதிதாகக் கட்டிய பார்வையாளர் மேடையில் கேமரா முக்காலியை விரித்தாள். அதிகாரி பக்கத்தில் நின்று போனில், "விடலாம்பா," என்றார்.

மேலே எங்கோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு தண்ணீர் வந்தது. வெள்ளையாக, நேராக, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல இறங்கியது. பார்ப்பதற்கு அருவிதான். ஆனால் அந்த இடத்தில் முன்பெல்லாம் நிற்கவே முடியாது. மூச்சு முட்டும், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது, லென்ஸைத் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்துவிடும். இன்று லென்ஸில் ஒரு பொட்டு ஈரம் விழவில்லை. அதிகாரி போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

அவர் கேட்ட மாதிரியே சில படங்கள் எடுத்தாள்.

"போதும்தானே மேடம்?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போனில், "சரி, மூடு," என்றார்.

சாரல் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அருவி உச்சியில் அறுந்தது. அறுந்த தண்ணீர் துண்டாகக் கீழே விழ, நடுவில் பாறை வெறும் உடம்போடு வெளியே வந்தது. ஓரத்தில் சில இழைகள் மட்டும் தொங்கின. படச்சட்டத்தின் மூலையில், மேடை விளிம்புக்கு நகர்ந்துவிட்ட அதிகாரி, போனைக் காதில் வைத்தபடி. அவள் அழுத்தினாள்.

மற்ற படங்களையெல்லாம் வீட்டுக்கு வந்து அழித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அனுப்பினாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே அவர் வந்து நின்றார். "என்ன மேடம் இது? நாங்க கேட்டது அருவி."

"இதுதான் சார் உங்க அருவி."

"சரி, விளையாட்டு போதும். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தண்ணியச் சேர்த்துக் கொடுங்க."

"மாட்டேன்."

அவர் சிரித்தார். "கல்யாணப் பொண்ணுங்க முகத்துல பருவை எடுக்கிறீங்களே, அது மட்டும் என்ன?"

"பரு இன்னும் நாலு நாள்ல தானா போயிடும் சார், அதனால எடுக்கிறேன். அந்தப் பாறைக்கு வந்தது தானா வந்ததில்ல. அதை நான் மறைக்க மாட்டேன்."

அவர் முகத்திலிருந்த இனிப்பு வடிந்தது. "மேலே அருவிக்குப் போற எங்க கேட்டுக்குள்ள இனிமே உங்களை விடமாட்டாங்க, தெரியும்ல?"

அக்கா அதுவரை தங்கையை முறைத்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் முறைப்பு அவர்மேல் திரும்பியது. "மிரட்டுறதுன்னா வெளிய நின்னு மிரட்டுங்க சார். உள்ளே போட்டோவுக்கு ஆள் காத்திருக்காங்க."

அதோடு அந்த வேலை போயிற்று. மலை கேட்டில் காவலாளி கையை விரித்தார்: "என்னை ஒண்ணும் கேட்காதம்மா."

பிறகு மழைக்காலம் வந்தது. வழக்கமான மழை இல்லை. விட மனமில்லாத மழை. அணை நிரம்புகிறது என்றார்கள். ஒருநாள் நண்பகலில் சங்கு ஊதியது. ஆற்றங்கரை ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய ஜீப் கத்திக்கொண்டே போனது.

சாரல் கேமராப் பையை மாட்டியபோது அக்கா கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கிளம்பிட்ட?"

"எதிர்மலை வளைவுக்கு. அங்கே தண்ணி வராதுக்கா."

"தெரியும். ஸ்கூட்டர் சாவி என்கிட்ட இருக்கு. பின்னாடி ஏறு. உன்னைத் தனியா விட்டா இன்னும் கிட்டப் போகலாமான்னு பார்ப்ப."

எதிர்மலைச் சாலையின் வளைவில், அருவிக்கு நேர் எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டி நின்றார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தரை நடுங்குவது முழங்கால்வரை ஏறியது. பாறையின் உச்சி முழுவதும் பழுப்பாகப் பொங்கியது. விழுந்தது என்று சொல்ல முடியாது, பாய்ந்தது. மரங்களை வேரோடு கொண்டுவந்து கீழே எறிந்தது. பள்ளத்தாக்கைத் தாண்டி வந்த திவலை அவர்களை அறைந்தது. பார்வையாளர் மேடை ஒரு கணம் தண்ணீருக்கு நடுவில் நின்றது. மறுகணம் கம்பெனிப் பெயர் எழுதிய வளைவோடு காணாமல் போனது.

அக்கா குடையைப் பிடிக்கப் பார்த்தாள். அது மலர்ந்து பறந்துபோயிற்று. பிறகு தன் மழைக்கோட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் கேமராவுக்கு மேலே கூரைபோலப் பிடித்துக்கொண்டாள். நனைந்து நடுங்கிக்கொண்டே, "எடுடி! பார்த்துக்கிட்டே நிக்காத, எடு!" என்று கத்தினாள். கத்தியது சாரலுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படிக் கேட்காமல் போனதில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எடுத்தாள்.

வளைவில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. விளம்பர அதிகாரி இறங்கினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அருவியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். காதருகே வந்து கத்தினார்.

"மேடம், இது! இந்தப் படம்தான் வேணும்! பழசெல்லாம் விடுங்க!"

"அது கிடையாது சார்."

"ஏன்? எங்க தண்ணிதானே? நாங்கதானே திறந்தோம்!"

சாரல் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்க திறக்கல சார். பிடிச்சுவைக்க முடியாம விட்டீங்க."

அவர் நெற்றியில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டார்.

"அன்னைக்கு எடுத்ததையும் இதையும் பக்கத்துல பக்கத்துல மாட்டுவீங்கன்னா சொல்லுங்க, ரெண்டையும் தர்றேன்."

அவர் ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

மழை ஓய்ந்த வாரம் சாரல் இரண்டு படத்தையும் ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோவின் வெளிச்சுவரில் மாட்டினாள். மருந்து வாங்க வந்தவர்கள் மருந்தை மறந்து நின்றார்கள். பாறை வெறுமையாக இருந்த படத்தில் போனோடு நிற்பது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பதிலும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

கட்டடச் சொந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. மேல இருந்து போன்மேல போன் வருது, எடுத்துடச் சொல்லி."

"அதுல என்ன பொய் இருக்குன்னு போன்ல கேளுங்கண்ணே," என்றாள் அக்கா. "ஒண்ணு சொன்னாக்கூட இப்பவே கழட்டிடுறோம்."

அவர் படங்களுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வந்து, "கொஞ்சம் மேலே ஏத்தி மாட்டுங்க. வெயில் பட்டா வெளுத்துடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடை வந்தது. பார்வையாளர் மேடை போனபிறகு விடுமுறை நாட்களிலும் மதகு மூடியே இருந்தது. பாறை மறுபடி காய்ந்து கறுத்தது. அதற்கெல்லாம் ஒரு புகைப்படத்தால் என்ன செய்துவிட முடியும் என்று ஊரில் சிலர் கேட்டார்கள். சாரல் வாதாடவில்லை. எதிர்மலை வளைவுக்குப் போய், அதே இடத்தில் முக்காலியை ஊன்றி, தண்ணீரில்லாத பாறையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சுவரில் இடமில்லை. அக்கா நாற்காலியைப் போட்டு ஏறி, ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

"நம்ம கடை எதுன்னு இந்த ஊருக்குத் தெரியும்," என்றாள். "படத்தைக் கொடு."