பிரிக்காத பெஞ்சுகள்

"உங்க தெருவுக்குச் செய்யணும்னா உங்க அப்பா வீட்டுப் பணத்துல செய்யுங்க அண்ணி. எங்க பள்ளிக்கூடத்து வயித்துல ஏன் அடிக்கிறீங்க?"

நாத்தனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். மேல்தெருப் பெரிய பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவி அவள். புதுப் பெஞ்சு பெரிய பள்ளிக்கு, அங்கே கால் ஒடிந்தது கீழ்த்தெருப் பள்ளிக்கு என்பதுதான் காலங்கால வழக்கம். கல்வி அதிகாரியான அண்ணி இந்த வருஷம் புதுசை நேராகக் கீழ்த்தெருவுக்கே அனுப்பிவிட்டாள்.

"தரையில உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் அனுப்பினேன்."

"அதை நாங்க நம்பணுமாக்கும்!"

அண்ணியின் கணவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கீழ்த்தெருப் பெண்ணை ஆசைப்பட்டுக் கட்டியவன்தான். அவனுக்கும் உள்ளூர அதே சந்தேகம்.

டீச்சராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவள் அண்ணி. வசதி இல்லாத பள்ளிக்கே முதல் பங்கு என்று போன இடமெல்லாம் சொன்னாள். அதற்காகவே ஊர் ஊராகத் தூக்கியடித்தார்கள். மேல்தெருக்காரன் தன் தெருவுக்குச் செய்தால் அது நிர்வாகம், இவள் செய்தால் சொந்தக்காரப் பாசம். நல்ல நியாயம் போங்கள்!

மறுநாள் காலை கீழ்த்தெருப் பள்ளிக்குப் போனாள். பிள்ளைகள் தரையில்தான் இருந்தார்கள். பெஞ்சுகள் சாமான் அறையில் பூட்டிக் கிடந்தன. தலைமையாசிரியை கையைப் பிசைந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நல்ல சாமான் நம்ம பக்கம் வந்தா, வழி தவறி வந்ததாத்தான் இருக்கும். நாளைக்குத் திருப்பிக் கேட்டா? ஒரு கீறல்னாலும் எங்க பிள்ளைங்க மேலதானே பழி?"

"அனுப்பினது நான். இதே தெருப் பொண்ணு."

"அதுதாம்மா இன்னும் பயம். உங்களையே மாத்திட்டாங்கன்னா?"

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாள் மீது கோபப்பட்டு என்ன பயன்? போய்ப் பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ, எழுந்திரிங்கம்மா!" தலைமையாசிரியை ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து ஒரே ஒரு பெஞ்சை இழுத்து வந்தாள். "இதுல உக்காருங்க."

"எனக்கா கேட்டேன்? எல்லாம் வரட்டும்."

எல்லாம் வந்தன. பிளாஸ்டிக் உறை சரசரக்கப் பிள்ளைகள் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தார்கள். அதிகாரி உறையைக் கிழிக்கப் போனாள். தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மட்டும் இருக்கட்டும்மா. திருப்பிக் குடுக்கும்போது புதுசா இருக்கணும்ல?"

அதிகாரி அந்தக் கையை விலக்கினாள். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, முன்வரிசைச் சிறுமியிடம் திரும்பினாள்.

"காம்பஸ் இருக்கா? அந்த முள்ளால உன் பேரை இதுல நல்லா அழுத்திக் கீறு."

"பாழாயிடுமேம்மா!" என்று பதறினாள் தலைமையாசிரியை.

"ஆகட்டும். கீழ்த்தெருப் பிள்ளை பேரு இருக்கிற பெஞ்சுல அவங்க பிள்ளைய உக்கார வைப்பாங்களா? ஜென்மத்துக்கும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

தலைமையாசிரியை சிறுமி கீறிய பேரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பக்கத்து வகுப்புக்குப் போய், "எல்லாரும் காம்பஸ எடுங்கடா," என்றாள்.