ஊட்டா ஆய்த்தா

ஆஸ்டின் டவுன் பாஸ்கெட்பால் கோர்ட்டில் நான் பயிற்சி கொடுக்கும் ரூபினிக்கு ஃப்ரீ த்ரோ என்றாலே கை நடுங்கும். அப்போதெல்லாம் பெஞ்சிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்பேன். பந்தும் கையுமாக நிற்பவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் சிரிப்பு வராதா? சிரித்ததும் நடுக்கம் போய்விடும். இந்த வைத்தியம் தெரிந்த மூன்றாவது ஆள் என் உதவியாளன் நரேஷ்.

போன மாதம் அவன் வேறு கிளப்புக்குப் போனான். போகட்டும், அவன் பிழைப்பு.

இன்று அந்த கிளப்போடுதான் ஆட்டம். கடைசி நிமிடத்தில் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். ரூபினிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அவள் பந்தைத் தூக்கும்போது எதிர் பெஞ்சிலிருந்து நரேஷ் கேட்டான்.

"ஊட்டா ஆய்த்தா, ரூபி?"

பழக்கத்தில் சிரித்தபடி திரும்பியவளுக்கு, கேட்டது யாரென்று தெரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. அவள் எறிந்த பந்து வளையத்தைத் தொடவே இல்லை.

"ஏன்க்கா மொறைக்கிறீங்க? கேம்தானே," என்றான், வெட்கங்கெட்டவன்.

இரண்டாவது பந்துக்கு அதையே நானே கேட்டேன்.

ரூபினி திரும்பினாள். அவனைப் பார்த்த மாதிரியே என்னையும் பார்த்தாள்.