நாற்பத்தாறு கைகள்

குட்ரூன் ஓமேயின் வீடு நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஹென்னிங் ப்ரோக்ஹோஃப் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டான். முப்பத்துநான்கு வயதுக்காரனுக்கு அந்தப் படிகள் ஒரு பொருட்டல்ல. பையில் இருந்த தாள்தான் அவனை நிறுத்தியது.

அது விபத்து விசாரணைத் தாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அவனே தட்டச்சு செய்திருந்தான். கீழே குட்ரூனின் கையெழுத்து வேண்டும். கவனக்குறைவு என்று பதிவானவர்கள் ஆட்குறைப்புப் பட்டியலில் முதலில் வருவார்கள். அந்த விதியை எழுதியவனும் அவன்தான்.

இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகி அரை வருஷம்கூட ஆகாத நேரத்தில், கிழக்குப் பகுதியில் செம்னிட்ஸுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருந்த அந்தப் பாத்திர ஆலைக்கு அவனை மேற்கிலிருந்த ஓஸ்னாப்ரூக்கிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அழுத்து இயந்திரக் கூடத்தில் நாற்பத்தாறு பேர். அவர்களில் யார் இருப்பது, யார் போவது என்று ஜூன் மாதத்துக்குள் அவன் சொல்ல வேண்டும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கூடத்தில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. உள்ளே வந்த ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமும் போய்க் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியாக மேஸ்திரி ஸீக்மார் ஊலிக் ஒருவர் விடாமல் நாற்பத்தாறு பேருக்கும் கை கொடுத்தார். அதன் பிறகுதான் முதல் இயந்திரம் இரைந்தது. ஹென்னிங்கின் ஊரில் ஒருவன் உள்ளே வந்தால் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதுவே வணக்கம். இங்கும் அவன் அப்படியே தட்டினான். மூன்றாம் நாள் அவன் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்தான். பதினெட்டு நிமிடம்.

"பழைய ஆட்சித் தலைவர் படத்தைக் கழட்டினாங்க. அந்த ஆணியில இப்ப கடிகாரத்தை மாட்டப் போறாங்க" என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது.

அடுத்த திங்கள்கிழமை அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஊலிக் தொப்பியைக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார்.

"கை குடுக்கிறதுக்குமா தடை, சார்?"

"தடையெல்லாம் இல்ல. வேலை நேரத்துல வேண்டாம்னுதான் சொல்றேன். ஆறு மணின்னா ஆறு மணி."

"அதுவும் வேலைதான் சார்."

"கை குலுக்கறதா?"

ஊலிக் அவனைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேலிடத்து உத்தரவோடு இரண்டாவது முறை வாதாடக் கூடாது என்று பழைய ஆட்சியின் நாற்பது வருஷம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. ஆட்சேபம் இருப்பவன் வாயைத் திறந்து சொல்லிவிடுவான் என்று நம்பும் ஊரில் வளர்ந்தவன் ஹென்னிங். மேஸ்திரி ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுவதும் அவன் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் யாராவது திருப்புளியால் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். "மரங்கொத்தி வந்தாச்சு" என்ற குரலும் காதில் விழுந்தது. அவனும் சிரித்தான். பதினெட்டு நிமிடம் மிச்சமாகியிருந்ததே.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்குக் குட்ரூன் ஓமேயின் வலது கையில் இரண்டு விரல்களை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அன்று அவளுக்கு முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸ் காய்ச்சல். கணவன் லோட்டாரின் ஆலையை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். பட்டியல் தயாராகிறது என்று தெரிந்த பிறகு யாரும் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பதில்லை.

அன்று மதியம் ஊலிக் மறுபடி வந்தார். இந்த முறை தொப்பியைக் கழற்றவில்லை.

"காய்ச்சல், தூக்கமில்லாதது, முந்தின நாள் குடிச்சது, வீட்டுச் சண்டை, எல்லாமே கையில தெரிஞ்சிடும் சார். சூடா இருந்தா, நடுங்கினா, அன்னிக்கு இயந்திரம் கிடையாது. மூடி அடுக்கப் போன்னு அனுப்பிடுவேன். அதை எங்கயும் எழுதி வைக்கிறதில்ல."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஏன் கை குடுக்கறீங்கன்னு நீங்க கேக்கலயே. எத்தனை நிமிஷம்னுதானே பாத்தீங்க."

அதற்குப் பிறகும் ஹென்னிங் 'கவனக்குறைவு' என்றுதான் தட்டச்சு செய்தான். இயந்திரத்தில் பழுதில்லை. காய்ச்சலோடு இயந்திரத்தில் உட்காரக் கூடாது என்பது விதி. அதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பான்.

நான்காவது மாடியில் கதவைத் திறந்த குட்ரூனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது கை மணிக்கட்டு வரை கட்டுக்குள் இருந்தது. அவன் வருவது தெரிந்து காபி போட்டு, கேக்கும் வெட்டி வைத்திருந்தாள். துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன.

"இடது கையால வெட்டினது. பாக்காம சாப்பிட்டுடுங்க" என்றாள். உட்கார்ந்ததும், "என்னால உங்களுக்கு வீண் அலைச்சல் சார். காய்ச்சல்னு நானே சொல்லியிருக்கணும். ஊலிக்கும் சாப்பாடு எறங்காம இருக்காராம்" என்றாள்.

ஹென்னிங் கேக்கை விழுங்கினான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களைக் காரிலேயே தயார் செய்து வைத்திருந்தான்.

"பட்டியல்ல என் பேரு வருமா?"

"இன்னும் முடிவாகல."

தாளை எடுத்து வைத்தான். அவள் படித்தாள். 'கவனக்குறைவு' என்ற இடத்தில் கண் சற்று நின்று, பிறகு கீழே நகர்ந்தது. இடது கையில் பேனாவைப் பிடித்தாள்.

"இந்தக் கை இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தான் படிக்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். தாள் நகராமலிருக்கக் கட்டுப் போட்ட கையை அதன் ஓரத்தில் அழுத்தி வைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். அவன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்தபோது, பழக்கத்தில், அவன் விரல் முட்டி மேஜையை இரண்டு தட்டுத் தட்டியது. குட்ரூன் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை நீட்டினாள். அவன் எந்தக் கையைக் கொடுப்பது என்று தடுமாறி இடது கையைக் கொடுத்தான். அவள் உடனே விடவில்லை.

"ஜில்லுனு இருக்கே. நடுங்குது வேற. உடனே காரை எடுக்காதீங்க, சார். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

காரில் சாவியைத் துளையில் வைக்க மூன்று முறை முயன்றான். பிறகு சாவியைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, பையிலிருந்து எழுதாத தாள் ஒன்றை எடுத்தான். 'காரணம்' கட்டத்தில் கையால் எழுதினான்: 'காலையில் கை கொடுப்பதை நிறுத்தி நான் இட்ட உத்தரவு. அதுவே அந்தக் கூடத்தின் பாதுகாப்புச் சோதனையாக இருந்தது. நான் விசாரிக்கவில்லை.' கீழே பெயரெழுதிக் கையெழுத்திட்டான். தலைமையகத்தில் இதைப் படிக்கப் போகிறவரின் முகம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தாளில் அவள் கையெழுத்துக்கான இடத்தைத் தவிர எல்லாம் நிரம்பியிருந்தது. அதற்கு மறுபடி நான்கு மாடி ஏற வேண்டும். அந்தக் கை மறுபடி ஒவ்வொரு எழுத்தாக வரைய வேண்டும்.

அவன் அழைப்பு மணியை அடித்ததும் கதவு திறந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றாள் குட்ரூன். "உள்ள வாங்க."

அவன் வாசலிலேயே நின்று தாளை நீட்டினான். அவள் படித்தாள். இரண்டாவது முறை மெதுவாகப் படித்தாள். அவன் பழைய தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். விபத்து நடந்த அன்னிக்கே ஊலிக் சொன்னார்."

அவள் தலையாட்டினாள். முகத்தில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை.

"அப்போ இதையே முதல்ல கொண்டாந்திருக்கலாம்" என்றாள். "கை வலிக்குது சார்."

பேனாவுக்காக இடது கையை நீட்டினாள்.