சுவரோரத்து டயர்கள்

பந்தயத்தின் நடுவே கொழுந்தனின் வண்டி வேறு டயர்களை மாட்டிக்கொண்டு பிட் கொட்டகையை விட்டுச் சீறிக்கொண்டு போன பிறகுதான் அண்ணிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மாட்டியது நல்ல செட்டுதானா? அவள்தான் அந்தச் சின்ன அணியின் டயர்க்காரி. கழுவுவது, சூடேற்றும் போர்வை போர்த்துவது, காற்று பார்ப்பது எல்லாம் அவள் பாடு. காலையில் பெய்த மழையில் கூரை ஒழுகி, சுவரோரம் அடுக்கியிருந்த டயர்கள்மேல் தண்ணீர் சொட்டியது. அவசர அவசரமாக இரண்டு செட்டையும் நடுவுக்கு இழுத்தாள், துடைத்தாள், திரும்பத் தள்ளினாள். நல்ல செட்டு எப்போதும் சுவரோரம் இருக்கும். அது அவள் வழக்கம், எல்லாருக்கும் தெரியும். ஆனால் திரும்பத் தள்ளும்போது எது முதலில் சுவரோரம் போனது?

இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோலத்தான் இருக்கும், தேய்மானமும் ஒன்றுதான். ஒன்று ஒரே முறை சூடேறியது. இன்னொன்று பயிற்சியில் பல முறை சூடேறி ஆறியது. அப்படி ஆறினால் ரப்பர் செத்துப்போகும், பிடி விட்டுப்போகும். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது, வளைவில் போனால்தான் தெரியும். அவள் புருஷனுக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் இடது கால் மடங்குவதில்லை. "தம்பிய உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு இப்போது வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

எப்போது டயர் மாற்றுவது என்று கணக்குப் போடுகிறவனைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவள், கடைசியில் அவனிடம் போய் மென்று விழுங்கிச் சொன்னாள்.

அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். "மாத்தி மாட்டிட்டீங்களா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா என்னக்கா அர்த்தம்? அவன் மூணாவதா ஓடிட்டிருக்கான். மூணுக்குள்ள வந்தாத்தான் அடுத்த வருஷம் அவனுக்கு வண்டி. திரும்பக் கூப்பிட்டா அது போச்சு."

"தெரியுது."

"கூப்பிட்டு எதை மாட்டுவீங்க? மிச்சம் இருக்கிறது அந்த ஒரு செட்டுதான். இப்ப ஓடுறது நல்லதா இருந்தா, நாமளே செத்ததை மாட்டி அனுப்புவோம்."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. கூப்பிட்டாலும் ஆபத்து, கூப்பிடாவிட்டாலும் ஆபத்து. சுவரோரத்தைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள், காலையை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு முறை நல்ல செட்டு முதலில் போனது. அடுத்த முறை அதுவே இரண்டாவதாகப் போனது. கையில் இருந்த ஈரத்துணி மட்டும் நிச்சயமாக ஞாபகம் இருந்தது. இதற்கு ஒன்றுமே ஞாபகம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எரிச்சலாக வந்தது.

ரேடியோவில் கொழுந்தன் பேசினான். "பின்னாடி கொஞ்சம் வழுக்குது."

கணக்குப்பிள்ளை அவளைப் பார்த்தான். தடம் இன்னும் முழுதாகக் காயவில்லை, எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, கொழுந்தன் பந்தயம் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே ஜெயிக்கிற ரகம்.

அவள் மைக்கை வாங்கினாள். "தம்பி, நான்தான். உனக்கு மாட்டினது நல்ல செட்டான்னு எனக்குத் தெரியல. மாறிப்போயிருக்கலாம்."

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"வரட்டுமா அண்ணி?"

"இங்க இருக்கிறதும் எதுன்னு தெரியலப்பா."

அவன் சிரித்தது போலிருந்தது. "சரி விடுங்க. தெரியாதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல, பாத்து ஓட்டுறேன்."

"பாத்து ஓட்டினா அஞ்சாவதுதான்" என்று கணக்குப்பிள்ளை யாரிடமோ போலச் சொன்னான்.

வரட்டும், அஞ்சாவதாகவே வரட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்குக் கொழுந்தன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் கூடவே தோன்றியது. ஒரு மனதாகக் கவலைப்படக்கூட முடியவில்லை.

வெளியே ஓடி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேர்த்தடத்தில் அவன் வண்டி வந்தது, சொன்னபடி நிதானமாகத்தான். அவளுக்கு மூச்சு வந்தது. பின்னால் நான்காவது வண்டி ஒட்டிக்கொண்டு வந்து, வளைவுக்கு முன்னால் உள்பக்கமாக மூக்கை நுழைத்தது. வழி விட்டுவிடு, விட்டுவிடு என்று அவள் உதடு முணுமுணுத்தது. அவன் விடவில்லை. அவளைக் கடந்தபோது அவன் எஞ்சின் சத்தம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வளைவுக்குள் போய் மறைந்தன. அங்கிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது இரண்டு வண்டியின் சத்தமா, ஒன்றினுடையதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.