ரவைப் பனி

தொண்ணூற்றாறில் ஒரு சனிக்கிழமை காலை, ஃப்ரீமாண்ட் வீட்டுச் சமையலறையில், நஞ்சுண்டன் ஒரு கூரையின் மேல் ரவையைச் சலித்துக்கொண்டிருந்தார். வீடு கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையில் செய்தது. ஒரு முழ உயரம்கூட இல்லை. நிஜ வீடு தாஹோ ஏரிக்கு மேலே, ஆளுயரத்துக்குப் பனி கொட்டும் மலையில் இனிமேல்தான் வரவேண்டும், விடுமுறைக்குப் போய்த் தங்க. அதுவரை மனைவி வசந்தாமணியின் உப்புமா ரவைதான் பனி.

நஞ்சுண்டன் கம்ப்யூட்டர் சிப் வடிவமைக்கும் இன்ஜினியர். செங்கல்லைத் தொட்டதில்லை. ஆனாலும் லைப்ரரி புத்தகங்களைப் படித்துவிட்டு, மலைக்குப் பாரமில்லாத வீடு கட்டுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. குளிர்கால வெயிலே வீட்டைச் சூடாக்கிவிடும். சுவருக்குள் பழைய காகிதத் தூளைத் திணித்தால் அந்தச் சூடு வெளியே போகாது. செங்குத்தான கூரையிலிருந்து பனி கிழக்கிலும் மேற்கிலும் வழுக்கி விழும். தெற்கே விழுந்தால் கண்ணாடியை மறைத்துவிடுமே.

எல்லாம் சரி, வாசல் மட்டும் கிழக்கே வேண்டும் என்றார். ராகுகாலம் பார்க்காதவர், ஜாதகத்தைக் கிண்டலடிப்பவர், இந்த ஒரு விஷயத்தில் அசல் கோபிசெட்டிபாளையத்துக்காரர். பனி மொத்தமும் வாசலில்தான் விழும், வடக்கே வையுங்கள் என்று ஆர்க்கிடெக்ட் ஹெலன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். வசந்தாமணியும் ஹெலன் கட்சிதான்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கிராம்பு எடுத்தாள். இரண்டை வாசலெதிரே ஜோடி சேர்த்து வைத்தாள். மற்ற இரண்டை இடப்பக்கம் தள்ளிப் போட்டாள், ஒன்று குப்புற, ஒன்று சாய்ந்து.

“இதென்ன?”

“நம்ம செருப்புங்க. வீசிக் கெடக்கறது உங்களுது.”

அவர் சலித்தார். ரவை சேர்ந்து, ஒரே வழுக்கலில் இறங்கி, நாலு கிராம்பையும் வாசலையும் மூடியது.

“இப்ப எப்படிங்க வெளிய வருவோம்?”

“ஏப்ரல் வரைக்கும் உள்ளயே இருக்கலாம். உன்ற கூடத்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்.”

பேட்மின்டன் மட்டையை எடுத்துக்கொண்டார். ரவையை அள்ளிவிடாதே, விளையாடிவிட்டு வந்து ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிப் போனார். ஆட்டத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒரு ஆன்ட்டி மேசையைத் துடைக்கப் போனபோது வசந்தாமணி கையைப் பிடித்து நிறுத்தினாள். மலை நிலத்தை விற்றுவிடச் சொல்லாதவர் இல்லை. வசந்தகாலத்தில் ஹெலன் போன் செய்தாள். ஆறுதல் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, இப்போது வாசலை வடக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டாள்.

அந்த ‘இப்போது’ சுருக்கென்று தைத்தது. அவரோடு மல்லுக்கு நிற்க வசந்தாமணிக்குப் பாத்தியதை உண்டு. ஹெலனுக்கு ஏது?

அட்டை வீட்டை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டாள். காரில் இரண்டு பேராவது இருந்தால்தான் விடும் கார்பூல் லேனில் போகலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். ஹெலனின் மேசையில் வீட்டை இறக்கி, கிராம்புகளைப் பழையபடி வைத்து, சலித்தாள். வாசல் மூடிக்கொண்டது. நான் அன்றே சொன்னேனே என்று ஹெலனின் முகம் சொன்னது.

வசந்தாமணி கைப்பையிலிருந்து நஞ்சுண்டனின் விசிட்டிங் கார்டை எடுத்தாள். நடுவில் மடித்து, வாசலுக்கு மேலே குட்டிக் கூரையாகச் செருகினாள். இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் செய்து பார்த்த வேலை. மறுபடி சலித்தாள். இறங்கி வந்த ரவை கார்டின் முகட்டில் முட்டி, இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் விழுந்தது. வாசல் அப்படியே திறந்திருந்தது. ஜோடிக் கிராம்பின் மேல் ஒரு மணி ரவை இல்லை.

ஹெலன் பென்சிலை எடுத்தாள். உத்திரம் மட்டும் கனமாகப் போடவேண்டும் என்றாள். வரைந்துகொண்டே, இது உங்கள் கணவருக்குத் தோன்றவில்லையா என்று கேட்டாள். தோன்றியிருக்கும், விளையாடிவிட்டு வந்ததும் என்றாள் வசந்தாமணி.

இடப்பக்கக் கிராம்புகள் புதைந்துபோனதை ஹெலன் கவனித்துவிட்டாள். குட்டிக் கூரையைக் கொஞ்சம் நீட்டித் தரட்டுமா என்றாள். வசந்தாமணி வேண்டாம் என்றுவிட்டாள்.

வீடு கிழக்கு வாசலோடு எழுந்தது. எத்தனை பனி கொட்டினாலும் கதவு திறக்கிறது. வசந்தாமணியின் செருப்பு வாசலெதிரே நனையாமல் இருக்கிறது. நஞ்சுண்டனின் செருப்பு இடப்பக்கம், ஒன்று குப்புற, ஒன்று சாய்ந்து, பனிக்கு அடியில் கிடக்கிறது.