மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் ஐம்பத்தெட்டு வயதில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தார் என்றால், மனுஷனுக்கு வெளிநாட்டு ஆசை பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி. ஸ்பானிஷ் பேசுகிற தேசத்துக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு தங்கிவிட்ட ஒரே மகன், மூன்று மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். கம்பெனிக் கடிதத்தில் நோயின் பெயர் இருந்தது, நேரம் இருந்தது, அனுதாபம்கூட இருந்தது. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை.

"கடைசி நேரத்துல அவன்கூட யாருங்க இருந்தா?" என்று அவர் மனைவி காலையில் கேட்டாள், மத்தியானம் கேட்டாள், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மருமகளைக் கேட்கலாம்தான். அவளுக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு பாஷை வராது. இத்தனை நாளும் மகன் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மாற்றிச் சொன்னான்.

"இதுக்கு எதுக்குண்ணே படிப்பு? நீங்க பேசினா போனே மாத்திச் சொல்லிடும்" என்றார் பக்கத்துச் செல்போன் கடைக்காரர்.

கண்ணாடிக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "என் பிள்ளை சாவை மெஷினா விசாரிக்கணும்? போய்யா, உன் வேலையைப் பாத்துக்கிட்டு!"

பழைய புத்தகக் கடையில் ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. 'கோன்' என்றால் கூட. 'சின்' என்றால் இல்லாமல். பாலோடு காபி, பால் இல்லாமல் காபி என்று புத்தகம் அதுபாட்டுக்குப் போனது. அட, முப்பது வருஷமாக நாம் செய்கிற வேலைதானே இது என்று அவருக்குப் பட்டது. கண் சோதிக்க வருகிறவர்களின் ஃபிரேமில் லென்ஸைச் செருகி "கோன்" என்பார். உருவிவிட்டு "சின்" என்பார். "எது தெளிவா இருக்கு? கோனா, சின்னா?" வந்தவர்கள் திருதிருவென்று முழித்தார்கள்.

பில் எழுதும் மேஜையிலிருந்து மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வர்ற நாலு பேரையும் துரத்திடுங்க. ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறவருக்குப் புத்தி போச்சு." சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"கியென் எஸ்தாபா கோன் எல்?" அவன்கூட யார் இருந்தது? இந்த ஒற்றை வரியை நாக்கில் ஏற்ற அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, சோதனை நாற்காலியில் உட்கார்ந்து போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மனைவி ஒட்டி நின்றாள். மருமகள் எடுத்தாள். அவர் கேட்டார். ஒரு பிசகும் இல்லை.

 கிழவருக்குப் புரியவேண்டுமே என்று, அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சின் மீ." நான் இல்லாமல். வேலை, பஸ் என்று இரண்டு வார்த்தை பிடிபட்டது. அவள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. மறுபடி "சின்" என்றாள், மறுபடியும் சொன்னாள், அழ ஆரம்பித்துவிட்டாள்.

 இதைக் கேட்கத்தானா இந்தப் பாடுபட்டோம் என்று பாவி மனுஷன் உடைந்துபோனார். மனைவி பக்கம் திரும்பி, "அவதான் கூட இருந்தாளாம். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாளாம்" என்றார்.

"பொய்." அவள் குரல் எழும்பவில்லை. "தினம் நூறு தடவை கடையில கத்தினீங்களே, எனக்கென்ன காது இல்லையா? சின்னுன்னா இல்லாம. என் பிள்ளை தன்னந்தனியா கிடந்து போயிருக்கான்."

 போனில் அந்தப் பெண் தேம்பிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பேச்சுக் குரல் இல்லை, ஒரு பாத்திரம் உருளும் சத்தம் இல்லை, அழாதே என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. மனைவி அதையே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனைக் கையில் வாங்கி, "கியென் கோன்..." என்று ஆரம்பித்துத் தடுமாறினாள்.

"என்னங்க, 'நீ'ங்கறதுக்கு என்ன சொல்லணும்?"

அவருக்குத் தெரியவில்லை. 'அவன்' மட்டும்தான் படித்திருந்தார். மருமகளைப் பற்றி மருமகளிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவேண்டும் என்று இந்த மூன்று மாதத்தில் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"நீ யார் கூடம்மா இருக்கே? சாப்பிட்டியா?" என்று அவள் தமிழிலேயே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாக 'நீ'யைத் தேட ஆரம்பித்தார்.