கண்ணை மூடினால் தீர்ப்பு

"எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைத் தாளின்மேல் வைத்தபடி காத்திருந்தார்.

மகள் அப்பாவின் நண்பர்களைப் பார்த்தாள். பூட்டுக்கடைக்காரர் நாலு மணி என்றார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் நாலேகால் இருக்கும் என்றார். பஸ் டிரைவர் தரையைப் பார்த்தார். மூன்று பேரும் அப்பாவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹீரோ எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறான், சண்டை தொடங்கும்போது வில்லன் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தான், முடியும்போது எந்தக் கையில் இருந்தது என்பதையெல்லாம் ஒப்பிக்கிற ஆட்கள். எதிரே இருந்த மனுஷன் போன நேரம் மட்டும் தெரியவில்லை. அவள் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்தபோது நாலு இருபது. அதையே எழுதச் சொன்னாள்.

டாக்டர் எழுதி முடித்து, இத்தனை பேர் கூட இருந்தும் கவனிக்கவில்லையா என்று பொதுவாகக் கேட்டார். பிரேதத்தை எடுத்துப்போக ஆறு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பா சோபாவில் படுத்திருந்தார். கழுத்துவரை போர்த்தியிருந்தது. எதிரே டீபாயில் நாலு கப் டீ. மூன்று காலி. ஒன்றில் ஆடை படர்ந்திருந்தது.

சனிக்கிழமைதோறும் இதே கூத்துதான். நாலு பேரும் காலைக் காட்சி பார்த்துவிட்டு நேரே இந்த ஹாலுக்கு வந்துவிடுவார்கள். பார்த்த படத்தைக் கூறுபோடுவதற்குப் போஸ்ட்மார்ட்டம் என்று பேர் வைத்திருந்தார்கள். இன்று அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை. டிரைவருக்கு இடைவேளை என்று பட்டப்பேர். டியூட்டி முடிந்து பாதிப் படத்தில் வந்து சேர்ந்து, மீதிப் பாதி முழுக்க முதல் பாதிக் கதையைக் கேட்டு உயிரை எடுப்பார். அப்பாவுக்குத் தராசு. கடைகளில் எடை மெஷின் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் மட்டுமல்ல, கடைசித் தீர்ப்பு அவருடையது என்பதாலும்.

தீர்ப்பை அவர் வாயால் சொல்லமாட்டார். படம் தேறினால் டீயை எடுத்துக் குடிப்பார். தேறாவிட்டால் கண்ணை மூடித் தலையை மார்பில் தொங்கவிடுவார். பிடித்தவர்கள் படத்துக்காக வாதாடலாம், ஆனால் அவரைத் தொட்டு எழுப்பக்கூடாது. எழுப்பினவன் தோற்றவன். ஐம்பதைத் தாண்டிய நாலு பேர் இதையொரு சட்டமாக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆடியிருக்கிறார்கள்.

அவளுடைய வேலை அந்த ஹாலை ஒட்டிய அறையில். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று திட்டுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை. பின்னணியில் சத்தம் வருகிறது என்று மேலதிகாரி இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது தடவை என்றால் வேலை இருக்காது. இன்று மூன்றரைக்கு ஹாலில் ஒரு சிரிப்பு வெடித்தது. தியேட்டரில் இருந்தா பேசுகிறீர்கள் என்று போனில் ஒரு அம்மாள் கேட்டாள்.

இணைப்பு முடிந்ததும் எழுந்துபோய்க் கத்தினாள். "அப்பா, உங்களுக்கு வேற வேலை இல்லையா? இன்னொரு தடவை சத்தம் கேட்டுச்சு, எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்." அவள் அறைக் கதவு தானாகத் திறந்து நிற்காது. காற்றுக்காக அப்பா அதற்கு ஐந்து கிலோ எடைக்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைப்பார். அதைக் காலால் தள்ளினாள். கல் மூலைக்கு உருண்டது, கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்காவது புத்தி வந்ததே என்று நினைத்தாள். நிம்மதியாக ஆறு அழைப்புகள் முடித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க," என்றாள் இப்போது. "நான் கதவைச் சாத்தினப்புறம் என்ன நடந்துச்சு?"

பூட்டுக்கடைக்காரர் ஏதோ ஆரம்பிக்க, டிரைவர் கையமர்த்தினார்.

"'மெதுவாப் பேசுங்கடா, பிள்ளை பொழப்பு'ன்னான். நாங்களும் குரலைத் தாழ்த்திக்கிட்டோம். கொஞ்ச நேரத்துல கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டான்." அவர் டீபாயில் ஒரு காலிக் கப்பை நகர்த்தி வைத்தார். "சிரிச்சோம்மா. உனக்குக் கேக்கக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம்."

"அப்புறம்?"

டிரைவர் பிழை திருத்துகிறவரைக் காட்டினார். "இவருக்குப் படம் பிடிச்சிருந்துச்சு. விடாம குசுகுசுன்னு வாதாடினாரு. கால் மணி நேரம் இருக்கும்."

"தொட்டுப் பாக்கலையா?"

"தொட்டா தோத்த கணக்கு."

"கூப்பிட்டிருக்கலாம்ல மாமா? பேர் சொல்லி ஒரு தடவை?"

டிரைவர் அவள் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்தது. கூப்பிடுவதென்றால் சத்தமாகத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மூன்று பேரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் ஆத்திரமாக இருந்தது. விளையாட்டாம், சட்டமாம். ஆனால் அந்தக் கால் மணி நேரம் இந்த வீட்டில் யார் நிம்மதியாக இருந்தது என்று நினைத்ததும் ஆத்திரம் அவள் பக்கமே திரும்பியது. அதை யார்மேல் இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

மூவரும் ஏதோ கிசுகிசுத்தார்கள். வண்டியில் யார் கூடப் போவது என்பதுதான். அதைக்கூட ரகசியம்போலப் பேசினார்கள்.

"படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பிழை திருத்துகிறவர் நிமிர்ந்தார். காதில் விழுந்தது சரிதானா என்று மற்ற இருவரையும் பார்த்தார். முதல் பாதி பரவாயில்லை என்று உதட்டுக்குள் முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தங்கச்சிக்காரி வீட்டை விட்டுப் போகிற இடம் நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்றார். பூட்டுக்கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. போகிறவள் பெட்டியைப் பூட்டுகிறாள், அடுத்த காட்சியில் பூட்டே இல்லை, அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றார். எந்தப் பெட்டி என்று கேட்டார் டிரைவர். நீ வந்ததே அதற்கப்புறம்தான் என்றார்கள் இருவரும். குரல்கள் ஏறின. பிழை திருத்துகிறவர் அழுதுகொண்டே, ஆனால் விட்டுக்கொடுக்காமல், பூட்டா முக்கியம், அவள் முகத்தைப் பார்த்தாயா என்று கத்தினார். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில், பழக்கத்தில், தீர்ப்புக்காக சோபாவின் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா கண்ணை மூடியிருந்தார்.

அறைக்குள் மேஜைமேல் கிடந்த ஹெட்போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் திறந்த அறைக் கதவு மறுபடி மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது. அவள் எழுந்துபோய், மூலையில் கிடந்த ஐந்து கிலோ கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து அதற்கு முட்டுக் கொடுத்தாள்.